திரையின் வெளிச்சம் எங்கே பிறக்கிறது?

"டார்க் மோடுக்கு மாறுங்கள், மின்சாரம் மிச்சமாகும்" என்ற அறிவுரை இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. டார்க் மோடு என்பது கருப்புப் பின்னணியில் வெளிர் எழுத்துகளைக் காட்டும் அமைப்பு. கைப்பேசிக்குச் சொன்னதை ஒருவர் மேசைக் கணினிக்கும் சேர்த்துச் சொல்கிறார். இன்னொருவர் அது வெறும் கட்டுக்கதை என்று அடித்துச் சொல்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு வகைத் திரையை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். ஒரு திரைக்கு முழு உண்மையாக இருக்கும் வாக்கியம், அதே மேசையில் பக்கத்தில் இருக்கும் இன்னொரு திரைக்குப் பொருந்தாமல் போகலாம்.

எந்தத் திரைக்கு எது பொருந்தும் என்று கண்டுபிடிக்கப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. இந்தத் திரையின் வெளிச்சம் எங்கே பிறக்கிறது? அந்தத் திரை எவ்வளவு பெரியது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், அமைப்புகள் பக்கத்தில் இருக்கும் எந்தப் பொத்தான் பயன் தரும், எது தராது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

## வாட்டும் யூனிட்டும்

தொடங்குவதற்கு முன் இரண்டு அளவுகளைப் பிரித்து வைத்துக்கொள்வோம். குழாயிலிருந்து தண்ணீர் எவ்வளவு வேகமாக விழுகிறது என்பது ஒன்று. ஒரு மணி நேரம் கழித்து வாளியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது வேறொன்று. ஒரு கருவி இந்த நொடியில் மின்சாரத்தை எந்த வேகத்தில் எடுக்கிறது என்பதைச் சொல்வது வாட். அந்த வேகத்தை அது ஓடிய நேரத்தால் பெருக்கினால் வருவது வாட்-மணி. ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால் ஒரு கிலோவாட்-மணி. மின்கட்டணக் கணக்கில் யூனிட் என்று நாம் சொல்வது இதைத்தான்.

100 வாட் எடுக்கும் தொலைக்காட்சி 10 மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் ஆகிவிடும். 1 வாட் எடுக்கும் கைப்பேசித் திரை அதே ஒரு யூனிட்டைத் தீர்க்க 1000 மணி நேரம் எரிய வேண்டும். இந்த இடைவெளியை மறக்காமல் வைத்திருங்கள். கட்டுரையின் கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

## ஜன்னல்களுக்குப் பின்னால் ஒரு விளக்கு

இரவு நேரம். ஓர் அறைக்குள் பெரிய விளக்கு ஒன்று எரிகிறது. தெருவைப் பார்த்த சுவர் முழுக்கச் சின்னஞ்சிறு ஜன்னல்கள். ஒரு ஜன்னலை அகலத் திறந்தால் தெருவில் நிற்பவருக்கு அந்த இடம் பளிச்சென்று தெரியும். பாதி சாத்தினால் மங்கும். முழுக்கச் சாத்தினால் கருத்துவிடும். எந்த ஜன்னல் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வைத்தே அந்தச் சுவரில் ஒரு படம் வரைந்துவிடலாம். இப்போது எல்லா ஜன்னல்களையும் சாத்துங்கள். தெருவிலிருந்து பார்த்தால் சுவர் முழுக்க இருட்டு. ஆனால் அறைக்குள் விளக்கு முன்போலவே எரிந்துகொண்டிருக்கிறது.

எல்சிடி திரை இப்படித்தான் வேலை செய்கிறது. அறைக்குள் எரியும் விளக்குக்குப் பின்னொளி என்று பெயர். ஜன்னல்தான் பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய ஒற்றைப் புள்ளி. ஜன்னல் கதவின் வேலையைச் செய்வது திரவப் படிகம். மின்னழுத்தம் மாறும்போது இதன் மூலக்கூறுகள் திரும்பிக்கொள்ளும். ஒளி கடந்து போவதும் தடைபடுவதும் அந்தத் திருப்பத்தைப் பொறுத்தது. ஒளியைத் தானே உண்டாக்கும் ஆற்றல் திரவப் படிகத்துக்குக் கிடையாது.

இந்த ஏற்பாட்டில் ஒளி வீணாவதைப் பார்த்தால் மனம் பதறுகிறது. பின்னொளி முதலில் ஒரு முனைவாக்கித் தகட்டைக் கடக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடு இது. இங்கேயே ஏறத்தாழ பாதி ஒளி போய்விடும். பிறகு சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வருகின்றன. ஒவ்வொன்றும் தன் நிறத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் விழுங்கிவிடுவதால், மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். நடுவில் இருக்கும் மற்ற அடுக்குகளின் இழப்பையும் சேர்த்தால், வெள்ளைப் பக்கத்தைப் பார்க்கும்போதுகூட, பின்னொளி உமிழ்ந்ததில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது. கருப்புப் பக்கத்தில் அந்தச் சிறு பங்கும் உள்ளேயே தடுக்கப்படுகிறது. அதை உண்டாக்கச் செலவான மின்சாரம் செலவானதுதான்.

ஆகவே சாதாரண எல்சிடி திரையில் டார்க் மோடு போடுவது ஜன்னலைச் சாத்துவது போன்றது. கண்ணுக்கு இதமாக இருக்கலாம். மின்சாரத்தில் சொல்லத்தக்க மாற்றம் எதுவும் வராது. விளக்கையே தணிப்பதற்கு ஒளிர்வுக் கட்டுப்பாடு என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். சில விலை கூடிய எல்சிடி தொலைக்காட்சிகளில் பின்னொளியைப் பல மண்டலங்களாகப் பிரித்திருப்பார்கள். படத்தின் ஒரு மூலை இருண்டிருந்தால் அந்த மூலையின் விளக்கு மட்டும் தானாகத் தணியும். அந்த வகைத் திரைகளில் இருண்ட படத்துக்கு மின்சாரம் ஓரளவு குறையத்தான் செய்யும்.

## ஒவ்வொரு புள்ளியும் ஒரு விளக்கு

இப்போது அந்தச் சுவரை இடித்துவிடுவோம். அதன் இடத்தில் லட்சக்கணக்கான குட்டி விளக்குகளை அடுக்குவோம். ஒவ்வொன்றுக்கும் தனி விசை. வெள்ளை வேண்டிய இடத்தில் விளக்கை ஏற்றுகிறோம். சாம்பல் வேண்டிய இடத்தில் தணிக்கிறோம். கருப்பு வேண்டிய இடத்தில் அணைத்தே விடுகிறோம். அணைந்த விளக்குக்கு மின்சாரம் தேவையில்லை.

இதுதான் ஓஎல்இடி. மின்சாரம் பாய்ந்தால் தானே ஒளிரும் கரிமச் சேர்மங்களால் ஆன திரை இது. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இரு வேதியியலாளர்கள் 1987-ல் குறைந்த மின்னழுத்தத்தில் நன்றாக ஒளிரும் அடுக்கு ஒன்றைச் செய்துகாட்டினார்கள். அதிலிருந்துதான் இன்றைய ஓஎல்இடி திரைகள் வளர்ந்தன. இன்று கைக்கடிகாரம், கைப்பேசி, தொலைக்காட்சி, சில மடிக்கணினிகள் என்று பரவலாக இருக்கின்றன.

ஓஎல்இடி திரையில் படத்தின் நிறமே மின்செலவைத் தீர்மானிக்கிறது. வெள்ளைக்குச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் எரிய வேண்டும். அதனால் வெள்ளைதான் மிக அதிகமாக எடுக்கும். கருப்பு ஏறக்குறைய ஒன்றும் எடுக்காது. மற்ற நிறங்கள் இடையில் நிற்கும்.

ஒரு பெயர்க் குழப்பத்தை இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. "எல்இடி டிவி" என்று விற்கப்படுவது எல்சிடி திரைதான். முன்பு பின்னொளியாகக் குழல்விளக்கின் இனத்தைச் சேர்ந்த மெல்லிய குழாய்கள் இருந்தன. அந்த இடத்துக்கு எல்இடி விளக்குகள் வந்ததும் பெயரும் மாறிவிட்டது. ஜன்னல்கள் அப்படியே இருக்கின்றன. ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்று எண்ணி எல்இடியையும் ஓஎல்இடியையும் ஒன்றாகக் கருதினால் கணக்கு முழுதும் தப்பிவிடும்.

உங்கள் கருவி எந்த வகை என்று தெரியவில்லையா? இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, முழுக்கக் கருப்பான ஒரு படத்தைத் திரை நிறையத் திறந்து பாருங்கள். மெல்லிய சாம்பல் ஒளி கசிந்தால் அது எல்சிடி. சாத்திய ஜன்னல்களின் இடுக்கு வழியாகப் பின்னொளி எட்டிப் பார்க்கிறது. திரை எங்கே முடிகிறது, அறையின் இருட்டு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாவிட்டால் அது ஓஎல்இடி.

இவை இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றும் உண்டு. மின்நூல் படிக்கப் பயன்படும் மின்தாள் திரையின் வெளிச்சம் திரைக்குள் பிறப்பதே இல்லை. காகிதத்தைப் போல அறையின் வெளிச்சத்தை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. பக்கம் புரளும் கணத்தில்தான் அதற்கு மின்சாரம் வேண்டும். புரண்ட பக்கம் அப்படியே நிற்க எதுவும் வேண்டாம். முன்விளக்கை ஏற்றாவிட்டால் ஒரு முறை ஏற்றிய மின்னேற்றம் வாரக்கணக்கில் தாங்குவது இதனால்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். எல்சிடியில் ஒளி பின்னால் பிறக்கிறது, படம் அதை மறைக்கிறது. ஓஎல்இடியில் படமே ஒளி. மின்தாளில் ஒளி வெளியே பிறக்கிறது.

## ஒரே கூற்று, மூன்று காலங்கள்

"கருப்புத் திரை மின்சாரத்தை மிச்சப்படுத்தும்" என்ற கூற்றுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால், ஏன் இத்தனை பேர் இதில் தடுமாறுகிறார்கள் என்பது புரியும்.

பழைய பெட்டித் தொலைக்காட்சிகளிலும் கணினிகளிலும் இருந்தது படக்குழாய். கண்ணாடிக் குழாயின் பின்முனையிலிருந்து பாயும் எலக்ட்ரான் கற்றை, முன்பக்கத்தில் பூசிய ஒளிர்பொருளில் மோதி வெளிச்சத்தை உண்டாக்கும். வெள்ளைக்குக் கற்றை வலுவாகப் பாய வேண்டும். கருப்புக்குப் பாய வேண்டியதில்லை. ஆகவே அன்று அந்தக் கூற்று உண்மை.

2007 ஜனவரியில் ஒருவர் ஒரு கணக்குப் போட்டு வெளியிட்டார். வெள்ளைப் பக்கத்துக்குத் திரை 74 வாட் எடுக்கிறது, கருப்புப் பக்கத்துக்கு 59 வாட் போதும். ஆகவே கூகுளின் தேடல் பக்கம் கருப்பாக மாறினால் உலகம் முழுக்க ஆண்டுக்கு 750 மெகாவாட்-மணி மிச்சமாகும் என்றார். ஒரு மெகாவாட்-மணி என்பது ஆயிரம் யூனிட். இந்தக் கணக்கைக் கேட்டு, கருப்புப் பின்னணியில் கூகுள் தேடல் செய்ய வைக்கும் பிளாக்கிள் என்ற தளம் ஒன்றும் வந்தது. நல்ல எண்ணத்தில் வந்த தளம்தான். ஆனால் அந்த 74-ம் 59-ம் படக்குழாய்த் திரையின் அளவுகள். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கூகுளே பதில் எழுதியது: சந்தையில் ஏறத்தாழ 75 சதவீதம் தட்டைத் திரைகளாகிவிட்டன, அவற்றில் கருப்பைக் காட்டினால் மின்சாரம் குறையாது, கூடவும் செய்யலாம். சில எல்சிடி வகைகளில் ஜன்னலைச் சாத்தி வைத்திருப்பதற்கே சிறிது மின்னழுத்தம் தேவைப்படும். கூடலாம் என்று சொன்னதன் காரணம் அதுதான்.

பிறகு ஓஎல்இடி கைப்பேசிகள் வந்தன. பொய்யாகிப் போன கூற்று மறுபடி உண்மையாகிவிட்டது. படக்குழாய்க் காலத்தில் கேட்டதை நினைவில் வைத்திருப்பவரும், எல்சிடி காலத்தில் "அது கட்டுக்கதை" என்று படித்தவரும், ஓஎல்இடி கைப்பேசி வைத்திருப்பவரும் இன்று ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். பேச்சு குழம்பாமல் என்ன செய்யும்?

## டார்க் மோடு உண்மையில் எவ்வளவு தரும்?

சரி, கையில் இருப்பது ஓஎல்இடி கைப்பேசி. டார்க் மோடு எவ்வளவு மிச்சப்படுத்தும்? அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் இதை அளந்தார்கள். பல ஓஎல்இடி கைப்பேசிகளில், பலரும் பயன்படுத்தும் செயலிகளை வைத்துச் சோதித்தார்கள். ஒளிர்வு 100 சதவீதமாக இருக்கும்போது டார்க் மோடு சராசரியாக 39 முதல் 47 சதவீதம் வரை மின்சாரத்தை மிச்சப்படுத்தியது. பெரிய மிச்சம்தான். ஆனால் வீட்டுக்குள் யார் முழு ஒளிர்வில் வைத்திருக்கிறார்கள்? பலரும் வைத்திருக்கும் 30 முதல் 50 சதவீத ஒளிர்வில் மிச்சம் 3 முதல் 9 சதவீதம் மட்டுமே.

காரணம் எளிது. ஏற்கெனவே தணிந்திருக்கும் விளக்கை அணைப்பதால் கிடைக்கும் மிச்சம் சிறியது. கைப்பேசிக்குள் புராசஸர் சில்லு, அலைவாங்கி போன்ற மற்ற உறுப்புகளும் மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கின்றன. திரை சிக்கனமானாலும் அவை குறைத்துக்கொள்வதில்லை.

அதே ஆய்வில் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது வேறொரு செய்தி. ஒரு கைப்பேசியில், வெளிர் பின்னணியை 20 சதவீத ஒளிர்வில் வைத்தாலும், டார்க் மோடை 50 சதவீத ஒளிர்வில் வைத்தாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். டார்க் மோடுக்கு மாறியதும் எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று ஒளிர்வைச் சற்று ஏற்றிவிடுகிறவர்கள் நிறைய. அப்படி ஏற்றினால், ஒரு கையால் மிச்சம்பிடித்ததை மறுகையால் கொட்டிவிட்டதாக ஆகிறது.

## ஒளிர்வு: எல்லாத் திரைக்கும் பொதுவான சாவி

டார்க் மோடு பற்றி நடக்கும் விவாதத்தில் பாதி, ஒளிர்வைப் பற்றி நடந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒளிர்வைக் குறைத்தால் எல்சிடியில் பின்னொளியே தணிகிறது. ஓஎல்இடியில் அத்தனை விளக்குகளும் ஒருசேரத் தணிகின்றன. திரை எந்த வகை என்று தெரியாதவருக்கும் இது பலன் தரும்.

திரையின் ஒளிர்வை நிட் என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து எவ்வளவு ஒளி நம்மை நோக்கி வருகிறது என்பதன் அளவு இது. அறைக்குள் படிக்க 100 முதல் 150 நிட் பெரும்பாலும் போதும். இன்றைய கைப்பேசிகள் வெயிலில் படிப்பதற்காக 1000 நிட்டைத் தாண்டவும் வல்லவை. நண்பகல் வெளிச்சம், இரவு விளக்கு வெளிச்சத்தில் இருக்கும் அறையைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. வெயிலோடு போட்டியிட அத்தனை ஒளி தேவைதான். அதே அளவில் அறைக்குள்ளும் வைத்திருப்பது வீண்.

"குறைத்தால் மங்கலாகத் தெரியுமே" என்ற தயக்கம் இயல்பானது. இதில் நம் கண் நமக்கு உதவுகிறது. ஒளி பாதியாகக் குறைந்தால் கண்ணுக்கு அது பாதியாகத் தெரிவதில்லை. புகைப்படக் கலைஞர்கள் வைத்திருக்கும் சாம்பல் அட்டை தன்மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது. ஆனால் அது கருப்புக்கும் வெள்ளைக்கும் நட்டநடுவில் இருப்பதாகத்தான் நம் கண் சொல்லும். நிறைய ஒளியைக் குறைத்தாலும் கண் சிறிதளவே உணர்கிறது. சில நிமிடங்களில் அந்தச் சிறிதும் பழகிவிடும். மின்செலவு மட்டும் ஒளி குறைந்த அளவுக்கு இறங்கும். பின்னொளியைப் பாதியாக்கினால் பின்னொளியின் மின்செலவும் ஏறத்தாழ பாதியாகிவிடும்.

இதையொட்டி ஒரு நுணுக்கம். திரையில் விரலால் இழுக்கும் ஒளிர்வுக் கோட்டின் நடுப்புள்ளி பாதி ஒளி என்று எண்ண வேண்டாம். 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9-லிருந்து அந்தக் கோடு கண்ணின் உணர்வுக்கு ஏற்ப வளைத்து அமைக்கப்பட்டிருக்கிறது. கோட்டின் மேல்பாதியில் ஒளி மிக வேகமாக ஏறும். உச்சியிலிருந்து சற்றுக் கீழே இறக்குவதுதான் மிக அதிகமாக மிச்சப்படுத்தும். ஏற்கெனவே கீழே இருப்பதை இன்னும் இறக்கிக் கண்ணை வருத்திக்கொள்ளத் தேவையில்லை.

தானியங்கி ஒளிர்வை அணைத்து வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மறுபடி போட்டுப் பாருங்கள். திரைக்கு அருகில் இருக்கும் சிறு உணரி அறையின் வெளிச்சத்தைப் பார்த்து ஒளிர்வை ஏற்றி இறக்குகிறது. அந்த உணரி எடுக்கும் மின்சாரம் பொருட்படுத்தத் தக்கதல்ல. தெருவில் ஏற்றிய ஒளிர்வை வீட்டுக்குள் வந்ததும் இறக்க மறந்துவிடும் நம் வழக்கத்தை அது திருத்துகிறது.

## ஸ்க்ரீன் சேவர் எதைக் காத்தது?

ஒளிர்வுக்கு அடுத்தது நேரம். யாரும் பார்க்காத திரை எரியக் கூடாது. இதில் மறுபேச்சுக்கே இடமில்லை. ஆனால் இங்கும் ஒரு பழைய தவறான நம்பிக்கை குறுக்கே நிற்கிறது. கணினியை யாரும் தொடாதபோது திரையில் தானாக ஓடும் ஸ்க்ரீன் சேவரால் மின்சாரம் மிச்சம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்தப் பெயரில் இருக்கும் "காப்பது" மின்சாரத்தை அல்ல, திரையை. படக்குழாயில் ஒரே படம் பல மணி நேரம் நின்றால் ஒளிர்பொருள் அந்த இடத்தில் தேய்ந்து, படத்தின் தழும்பு நிரந்தரமாக விழுந்துவிடும். 1983-ல் ஜான் சோகா என்ற நிரலர் ஐபிஎம் கணினிக்காக எழுதிய முதல் ஸ்க்ரீன் சேவர், மூன்று நிமிடம் யாரும் விசைப்பலகையைத் தொடாவிட்டால் திரையைக் கருப்பாக்கியது. நகரும் படங்கள் பின்னால் வந்தவை. எல்சிடி திரையில் நகரும் படம் ஓடும்போது பின்னொளி முழுதாக எரிகிறது, படத்தை வரையும் வேலையும் கணினிக்குச் சேர்கிறது. மிச்சம் எதுவும் இல்லை, செலவுதான்.

மிச்சம் தருவது உறக்கநிலை. கணினி திரைக்கு அனுப்பும் படத்தை நிறுத்திவிடும். திரை பின்னொளியை அணைத்துவிட்டு, மறுபடி அழைப்பு வருகிறதா என்று மட்டும் காத்திருக்கும். 25 வாட் எடுக்கும் மேசைத் திரை ஒன்று நாளுக்கு 16 மணி நேரம் வீணாக எரிவதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 400 வாட்-மணி, ஆண்டுக்கு 146 யூனிட். அதே 16 மணி நேரம் அரை வாட்டில் உறங்கினால் ஆண்டுக்கு 3 யூனிட்டுக்கும் குறைவு. ஐந்து நிமிடத்தில் திரை அணையட்டும் என்று ஒரு முறை அமைத்துவிட்டால் போதும். அதன்பின் நாம் நினைவு வைத்திருக்க வேண்டியதே இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1992-ல் மின்சிக்கனக் கருவிகளை அடையாளம் காட்டும் எனர்ஜி ஸ்டார் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் கவனித்த பொருள்கள் கணினிகளும் அவற்றின் திரைகளும்தான். யாரும் இல்லாத அறையில் எரியும் திரைதான் அன்றைய பெரிய இழப்பு.

## அடிக்கடி கேட்கப்படும் சில சந்தேகங்கள்

திரையைக் கருப்பு-வெள்ளையாக மாற்றினால் மிச்சமா? இல்லை. சாம்பல் நிறத்தைக் காட்டவும் மூன்று நிறப் புள்ளிகளும் எரிய வேண்டும். வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. நிறம் போனதால் கைப்பேசி அலுத்துப்போய் நீங்கள் அதைக் கீழே வைத்தால், அந்த வகையில் மிச்சம்.

நீல ஒளி வடிகட்டி எல்சிடியில் ஒன்றும் மிச்சப்படுத்தாது. ஓஎல்இடியில் நீலப் புள்ளிகள் தணிவதால் சிறிது குறையும். அதை உருவாக்கிய நோக்கமே வேறு.

புதுப்பிப்பு வீதம் என்பது திரை ஒரு நொடியில் எத்தனை முறை படத்தைப் புதிதாக வரைகிறது என்பதன் கணக்கு. ஹெர்ட்ஸ் என்று அளப்பார்கள். 120 ஹெர்ட்ஸ் திரையில் பக்கங்கள் வழுக்கிக்கொண்டு நகரும். ஆனால் வரையும் வேலை 60 ஹெர்ட்ஸைப் போல இரு மடங்கு. படிப்பதற்கு 60 தாராளமாகப் போதும். சில புதிய கைப்பேசிகளும் கைக்கடிகாரங்களும், படம் அசையாதபோது நொடிக்கு ஒரு முறை என்ற அளவுக்குத் தாமே இறங்கிவிடுகின்றன. அப்படிப்பட்ட கருவியில் தானியங்கித் தேர்வை மாற்றாமல் விட்டுவிடுவதே நல்லது.

ஓஎல்இடி கைப்பேசியில் கருப்பு முகப்புப் படம் வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் ஒரு நாளில் முகப்பை நீங்கள் பார்க்கும் நேரம் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். செயலிகளுக்குள் கழியும் நேரம்தான் கணக்கில் ஏறுகிறது.

## பெரிய திரைக்குத் திரும்புவோம்

தொடக்கத்தில் ஒரு இடைவெளியை மறக்க வேண்டாம் என்றேன். இப்போது அதை எண்களாக்கிப் பார்ப்போம்.

5000 மில்லியாம்ப்-மணி மின்கலம் உள்ள கைப்பேசி ஒரு முழு மின்னேற்றத்தில் ஏறத்தாழ 19 வாட்-மணி கொள்ளும். ஆண்டின் எல்லா நாளும் காலியாக்கி நிரப்பினாலும் 7 யூனிட். மின்னேற்றியில் போகும் இழப்பு தனி. இந்த 7 யூனிட்டில் டார்க் மோடு 3 முதல் 9 சதவீதம் மிச்சப்படுத்தினால், ஓராண்டில் கிடைப்பது ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரு பங்குக்குள். மின்கலம் மாலைவரை தாங்கும் என்பது நல்ல பலன். மின்கலத்தின் ஆயுள் கூடுவதும் நல்லது. ஆனால் வீட்டின் மின்செலவைக் குறைக்கிறேன் என்று அதைச் செய்தால் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்.

மறுபக்கம் 100 வாட் எடுக்கும் தொலைக்காட்சி நாளுக்கு 5 மணி நேரம் ஓடுகிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு 182 யூனிட். அதன் படத் தேர்வை மாற்றி 70 வாட்டுக்கு இறக்கினால் 54 யூனிட்டுக்கு மேல் மிச்சம். கைப்பேசி ஆண்டு முழுக்க எடுப்பதைப் போல ஏழு மடங்குக்கும் அதிகம் இது. ஒளி பிறக்கும் பரப்பு கைப்பேசியைப் போலப் பல பத்து மடங்காக இருக்கும்போது செலவும் அப்படித்தானே இருக்கும்!

தொலைக்காட்சியில் பார்க்க வேண்டியது படத் தேர்வு முறை. "விவிட்" அல்லது "டைனமிக்" என்ற பெயரில் ஒன்று இருக்கும். விற்பனைக் கூடத்தின் கடும் விளக்குகளுக்கு நடுவே, பக்கத்துத் திரையைவிடப் பளிச்சென்று தெரிவதற்கு ஏற்றது அது. வீட்டு அறையில் "சினிமா", "மூவி", "ஸ்டாண்டர்ட்" ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தால் ஒளிர்வு பெருமளவு குறையும். தோலின் நிறமும் இயற்கையாகத் தெரியும். முதல் நாள் படம் சற்று மஞ்சளாக, மங்கலாகத் தோன்றும். மூன்றாம் நாள் பழைய முறைக்குத் திரும்பினால் அதுதான் கண்ணைக் குத்தும்.

அடுத்தது எச்டிஆர். மிக இருண்ட இடத்தையும் மிக ஒளிர்ந்த இடத்தையும் ஒரே காட்சியில் காட்டும் பட வகை இது. ஒளிர்ந்த இடங்களுக்காகத் திரை தன் முழு பலத்தையும் செலுத்துவதால் மின்சாரமும் கூடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் தொலைக்காட்சிகளில் ஒட்டப்படும் மின்சக்தி அட்டையில், 1000 மணி நேரத்துக்கு எத்தனை யூனிட் என்ற கணக்கைச் சாதாரணப் படத்துக்கும் எச்டிஆர் படத்துக்கும் தனித்தனியாக அச்சிடுகிறார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நல்ல திரைப்படத்துக்கு எச்டிஆர் வேண்டும் என்றால் தாராளமாகப் பாருங்கள். செய்தி கேட்பதற்கு அது தேவையில்லை.

பல தொலைக்காட்சிகளில் "வேகத் தொடக்கம்" என்ற வசதியும் இருக்கிறது. விசையை அழுத்தியதும் சில நொடிகள் முன்னதாகப் படம் வருவதற்காக, அணைத்த பிறகும் உள்ளே கணினிப் பகுதி பாதி விழித்தே இருக்கும். சில நொடிகள் பொறுக்க முடியுமென்றால் அதை அணைத்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் தணியும் வசதியும் மின்சிக்கன அமைப்பும் சில தொலைக்காட்சிகளில் படத் தேர்வோடு பின்னப்பட்டிருக்கின்றன. விளையாட்டுப் போட்டி பார்க்க ஒரு நாள் படத் தேர்வை மாற்றினால், சிக்கன அமைப்பு சொல்லாமலே அணைந்துவிடக்கூடும். ஆகவே படத் தேர்வை முதலில் முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு சிக்கன அமைப்பைப் போடுங்கள். அடுத்த முறை வீட்டில் யாராவது படத் தேர்வை மாற்றினால், அன்றே அந்தப் பக்கத்தைத் திறந்து, சிக்கன அமைப்பு இன்னும் விழித்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.